சுத்த சாவேரியில் வந்தவள்

அம்மா! நீ எழுந்தருளாத இடம் என்று ஒன்று உண்டோ! கோபுரமும் கொடிமரமும் கேட்கவில்லை நீ. தூபமும் தீபமும் கேட்கவில்லை. பனச்சமூட்டுச் சந்தை ஓரத்து ஆக்கிரிக்கடையில், துருப்பிடித்த மின்விசிறி இறக்கைகளுக்கும் கால் ஒடிந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கும் நடுவே, ஒரு சாக்குப்பையின் வாய் அவிழ, அதற்குள்ளிருந்து வெள்ளி நிலவுகளாய்ச் சரிந்து சரிந்து விழுந்தாயே, தாயே! மீன்சந்தையின் ஈரமும் ரப்பர் ஷீட்டின் புளித்த வாடையும் கலந்து வீசிய அந்தக் காற்றிலே உன் திவ்ய பரிமளம் எழுந்ததே! என்னென்பேன்! எப்படிச் சொல்வேன்!

சாக்கு நிறையப் பழைய சி.டி.க்கள். எந்தெந்த வீட்டு ஷோகேஸ்களிலிருந்தோ, எந்தெந்தப் பூஜை அறைகளிலிருந்தோ இறங்கி வந்தவை. தெருவின் ஒரு பக்கம் தமிழ்நாடு, மறு பக்கம் கேரளம் என்று வாழும் ஊர் இது. காளிமலைக்கு ஏறுகிறவர்களும் தென்குருசுமலைக்கு ஏறுகிறவர்களும் கடந்துபோகும் ஊர். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கும் நாவுகளின் ஊர். அந்தச் சாக்கிலும் அப்படித்தான் எல்லைகள் அழிந்து கிடந்தன. வேங்கடவனைத் துயிலெழுப்பும் எம்.எஸ். அம்மாவின் சுப்ரபாதம்! 1963இல் இசைத்தட்டாக வந்து, ஒலிநாடாவாகி, சி.டி.யாகி, தென்னகத்தின் விடியல்களுக்கெல்லாம் மங்கள வாசலாய் நின்ற அந்தக் குரல், இதோ, அட்டை நனைந்து ஒட்டிப்போய் என் மடியில். அதன்மேல் சாய்ந்தபடி நாகூர் ஹனிஃபா. வெண்கல மணியோசை போன்ற அந்தக் கம்பீரம், இறைவனிடம் கையேந்தச் சொல்லி எந்த மதத்தாரையும் கையேந்த வைத்த அந்தக் குரல். 1980இல் திருவனந்தபுரத்தில் யேசுதாஸ் தொடங்கிய தரங்கிணியின் ஐயப்ப கானங்கள் ஒன்றல்ல, ஓர் அடுக்கு. கார்த்திகை பிறந்தால் இந்தப் பக்கத்துக் கடைத்தெருக்களெல்லாம் அந்தக் குரலில்தானே குளித்து எழுந்தன!

இன்னும் கை நீட்டினேன். 2005இல் புடாபெஸ்ட் சிம்ஃபொனி இசைக்குழுவோடு இளையராஜா இசைத்த திருவாசகம்! மணிவாசகப் பெருமானின் கண்ணீர், வயலின்களின் சமுத்திரத்தில் அலையடித்துப் பொங்கிய அற்புதம். அந்தத் தட்டு வெளிவந்த வருஷம் முழுக்க வேறு இசை எதுவும் என் செவிக்குள் புகவில்லை. பிறகு எந்த வீட்டு மாற்றத்திலோ, எந்தக் கைமாற்றத்திலோ அது என்னைப் பிரிந்தது. பிரிந்ததா? இல்லை, இல்லை! இங்கே இந்தச் சாக்குக்குள் அமர்ந்து எனக்காகக் காத்திருந்தது! அடுத்து, ராம்நாடு கிருஷ்ணனின் சீடர் நெய்யாற்றின்கரை வாசுதேவன். 2004இல் பத்மஸ்ரீ பெற்று 2008இல் மறைந்த அந்த மகாவித்வானின் கச்சேரி. இந்த மண்ணின் செம்மை ஏறிய சாரீரம். ஒவ்வொன்றாக எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொண்டேன். கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எடைக்கு வாங்கினது சேச்சி. பாட்டு கேக்குமாண்ணு தெரியாது. வீட்டுல கொண்டு போட்டுப் பாருங்க."

கேக்குமாண்ணு தெரியாது! ஐயா, கேட்கத் தொடங்கிவிட்டதே! தட்டு சுழலும் முன்னே, ஒளி தொடும் முன்னே, என் உள்ளமெல்லாம் ஒலி வெள்ளமாகிவிட்டதே!

அப்போதுதான் அடியில் கிடந்த அந்த ஒன்று கையில் தட்டுப்பட்டது. முகப்பட்டை வெளுத்து, மூலையில் கறையான் தின்று, ஆனாலும் ஒரு முகம். நெற்றியில் பொட்டும், கண்ணில் கனிவும், கருவறை வாசலில் நிற்பவளின் அடக்கமுமாய் ஒரு முதிய தாயின் முகம். பாறசாலை பொன்னம்மாள்! நவராத்திரிக் கிருதிகள்! அம்மா, அம்மா, அம்மா! மூச்சு நின்று வந்தது. இந்தத் தட்டுக்காக எத்தனை ஊர்க் கடைகளில் கேட்டிருப்பேன்! நீ வேண்டுமென்றே ஒளிந்துகொண்டாயோ? ஏக்கம் பழுக்கட்டும் என்று பொறுத்திருந்தாயோ? பழுத்துவிட்டது, தாயே. உதிர்ந்துவிட்டேன்.

பொன்னம்மாள் பிறந்தது 1924இல், இங்கிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க பாறசாலையில். திருவனந்தபுரத்து சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் முதல் மாணவி. பின்னர் அங்கேயே முதல் ஆசிரியை. அதன்பின் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. கல்லூரியின் முதல் பெண் முதல்வர். போன இடமெல்லாம் முதலடி வைத்தவர், ஆனால் ஒரு நாளும் அதைச் சொல்லித் திரிந்தவரல்லர். குருவாயூரப்பனுக்கு அவர் பாடிய சுப்ரபாதம் கேரளத்து வீடுகளில் விளக்கேற்றும் கையோடு கலந்துவிட்டது. 2017இல் பத்மஸ்ரீ. 2021இல், 96ஆம் வயதில், நாதத்தின் திருவடியை அடைந்தார்.

ஆனால் நான் சொல்ல வந்தது 2006! அந்த நவராத்திரி!

சொல்வதற்கு முன் அவள் வரும் பாதையைச் சொல்லவேண்டும். பத்மநாபபுரத்துத் தேவாரக்கட்டு சரஸ்வதி! கம்பன் பூஜித்த திருமேனி என்று தலைமுறை தலைமுறையாய் நம் பாட்டிமார் சொல்லிவந்தவள். திருவிதாங்கூரின் தலைநகரம் பத்மநாபபுரத்தை விட்டுத் திருவனந்தபுரத்துக்குப் பெயர்ந்த பின், ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அவளும் யானைமீதேறிப் புறப்படுகிறாள். கூடவே வேளிமலைக் குமாரசுவாமி, சுசீந்திரத்து முன்னுதித்த நங்கை. குழித்துறையில் தங்கி, களியக்காவிளையில் எல்லை கடந்து, பாறசாலை வழியே நெய்யாற்றின்கரை சேர்ந்து, அங்கிருந்து அனந்தபுரி. 1956 நவம்பர் 1ஆம் தேதி கல்குளமும் விளவங்கோடும் தமிழகத்துப் பக்கமும் நெய்யாற்றின்கரை கேரளத்துப் பக்கமுமாய்ப் பிரிந்தன. அவளுக்கு அது ஒரு பொருட்டா! கம்பனின் தமிழைக் கேட்ட செவியோடு சுவாதித் திருநாளின் சம்ஸ்கிருதத்தைக் கேட்கப் போகிறாள். இரண்டு மாநிலத்துக் காவலர்களும் அணிவகுத்து நின்று மரியாதை செய்ய, அவள் ஒரே புன்னகையோடு இரு புறமும் பார்த்துப் போகிறாள். தேவி, உன் பாதை இந்த எளியவளின் வீட்டுக்கு அருகில் போகிறது என்பதே எனக்குக் கிட்டிய பெரும் பாக்கியம் அன்றோ!

ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலை அடுத்த நவராத்திரி மண்டபத்தில் அவள் கொலுவிருக்கும் 9 நாளும் 9 கிருதிகள். 1813இல் பிறந்து, 33 வயதுக்குள் வாழ்வை நிறைவாக்கிச் சென்ற ராஜரிஷி சுவாதித் திருநாள் அவளுக்கென்றே சமைத்த நவரத்தின ஹாரம். முதல் நாள் சங்கராபரணம், மறுநாள் கல்யாணி, பிறகு சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டகுறிஞ்சி, முடிவில் ஆரபி. முல்லமூடு பாகவதர்களின் தோடயம் முழங்கி ஓய்ந்த பின் கச்சேரி. எண்ணெய் விளக்குகளின் பொன்னொளி. கைதட்டல் கிடையாது. பாராட்டு கிடையாது. பாடுகிறவர் சபைக்குப் பாடுவதில்லை, சந்நிதிக்குப் பாடுகிறார். அந்தச் சந்நிதியில், வாக்தேவியே வீற்றிருக்கும் அந்த மண்டபத்தில், வழிவழியாகப் பெண்குரல் கச்சேரி செய்ததில்லை. அரச குடும்பத்தைச் சேர்ந்த இசைக்கலைஞர் ராம வர்மாவின் முயற்சியால் 2006இல் அந்தக் கதவு திறந்தது. திறந்த கதவின் வழியே உள்ளே போனவர் யார்? 80 வயதைக் கடந்த பாறசாலைப் பொன்னம்மாள்! தேவி யானைமீது போன அதே பாதை பெற்ற மகள்!

ஆஹா, அந்தச் சந்திப்பை நினைத்துப் பாருங்கள்! வீணாபாணினி பெண், அவள் முன் அமர்ந்தவளும் பெண். எத்தனை நூற்றாண்டு கேட்ட துதி. ஆனால் தன் குரலிலேயே தன்னை அழைக்கும் ஒரு துதியைத் தாய் அன்றைக்கல்லவா கேட்டாள்! காத்திருந்தவள் யார்? அந்த மூதாட்டியா, அம்பிகையா? இருவருமே காத்திருந்தார்கள் என்றுதான் என் நெஞ்சு சொல்கிறது. அதை நான் முழுமையாக நம்புகிறேன்.

தட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பழைய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து, நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்நேராய்த் துடைத்தேன். வட்டமாய்த் துடைக்கலாகாது, சுருள் தடத்தின் போக்கிலேயே கீறல் நீண்டுவிடும். குழந்தையின் ஈரத் தலையைத் தாய் துவட்டுவதுபோல் மெல்ல மெல்லத் துடைத்தேன். 12 சென்டிமீட்டர் வட்டம்; அதற்குள் சுருண்டு கிடப்பதோ ஏறக்குறைய 5 கிலோமீட்டர் நீளப் பாதை! கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஒளிக்கதிர் அதன் மையத்தில் இறங்கி, உள்ளிருந்து வெளியே, சுற்றிச் சுற்றி, பிரதக்ஷிணமாய் வருகிறது. கருவறையில் தொடங்கிப் பிராகாரம் நோக்கிப் பரவும் அருளின் ஓட்டம் அது! உள்வட்டத்தில் தட்டின் சுழற்சி வேகம். விளிம்பை நெருங்க நெருங்க நிதானம். நொடிக்கு 44,100 தடவை அளந்து பொறித்த குரல், அளவே இல்லாததாய் மீண்டு எழுகிறது.

இன்னும் ஓர் அதிசயம் கேளுங்கள். ஒரு கணத்தின் நாதத்தை ஒரே இடத்தில் வைப்பதில்லை இந்தத் தட்டு. பல இடங்களில் சிதறவிட்டு, சாட்சிக் குறிகளோடு சேர்த்துப் பொறிக்கிறார்கள். கீறல் விழுந்த இடத்தில் இழந்ததை, கீறல் விழாத இடங்கள் தாங்கி நின்று மீட்டுத் தருகின்றன. காயம் இருக்கிறது; பாட்டு நிற்பதில்லை! தாயே, இது உன் கருணையின் இயல்பேயல்லவா! என் வாழ்வின் எத்தனை கீறல்களை நான் அறியாத எந்தெந்த இடங்களில் இருந்து நீ இட்டு நிரப்பினாய்! எந்தப் பிறவியின் புண்ணியத்தை எடுத்து எந்தப் பிறவியின் பள்ளத்தில் வைத்தாய்!

பொத்தானை அழுத்தினேன்.

ஒரு சிறு இரைச்சல். ஒரு தயக்கம். பிறகு தம்பூரா. பிறகு, சுத்த சாவேரி!

ஐந்தே சுரங்கள். காந்தாரம் இல்லை, நிஷாதம் இல்லை. இல்லாமையாலேயே அழகு கொண்ட ராகம். ஆபரணம் கழற்றி அபிஷேகத்துக்கு நிற்கும் அம்பிகையின் கோலம். அந்த முதிய சாரீரம் ரிஷபத்திலிருந்து மத்தியமத்துக்கு ஏறுகிறது. அவசரமில்லை. ஆடம்பரமில்லை. சுரத்தைத் தொட்டதும் விட்டுப் பறப்பதில்லை. தொட்ட இடத்தில் நிற்கிறார், நின்ற இடத்தில் கரைகிறார். வயது குரலின் விளிம்புகளைத் தேய்த்திருக்கிறது. தேயத் தேயச் சந்தனமாய்க் கமழ்கிறதே ஒழியக் குறையவில்லை! 'ஜனனி' என்று அழைக்கும் அந்த ஒரு விளியில் ஒரு குழந்தையின் அழுகை இருந்தது, ஒரு பாட்டியின் தாலாட்டு இருந்தது. அழைப்பவளும் அழைக்கப்படுபவளும் அதில் ஒருத்தியாய் நின்றாள்.

எதைச் சொல்வேன், எதை விடுவேன்! தாரஸ்தாயியில் ஷட்ஜத்தைப் பற்றி அவர் நின்றபோது என் அறையின் சுவர்கள் விலகின. ஜன்னலுக்கு வெளியே வரிசை வரிசையாய் நின்ற ரப்பர் மரங்கள் மண்டபத்துத் தூண்களாயின. அவற்றின் காயங்களில் இருந்து சொட்டும் பாலெல்லாம் அபிஷேகப் பாலாயிற்று. நான் என்று ஒன்று இருந்ததே, ஆசையும் அலுப்பும் கணக்கும் கவலையும் சுமந்துகொண்டு சந்தைக்குப் போய்வந்த ஒரு நான், அதைத் தேடினேன். காணவில்லை! ஆனந்த பாஷ்பம் பெருகப் பெருக, செவி மட்டும் மிஞ்சியது. பிறகு செவியும் இல்லை. கேட்பவள் இல்லை, கேட்டல் மட்டும். ஒலி மட்டும். ஓம் மட்டும். நீ மட்டும்!

ஓரிடத்தில் தட்டு தடுக்கியது. ஒரு சுரம் இருமுறை ஒலித்தது. பதறவில்லை நான். அந்த ஒரு சுரத்தை இன்னொரு தரம் கேட்க நீ ஆசைப்பட்டாய் போலும்!

ஜகஜ்ஜனனி, நாதரூபிணி, என்னை ஆட்கொண்ட என் தாயே! உன்னை நான் தேடியதாக எண்ணியிருந்த நாளெல்லாம் என்னை நீ தேடிவந்த நாளே. மோட்சம் கேளேன், மறுபிறவி வேண்டாமென்றும் கேளேன். பிறப்பித்தால் இந்த எல்லைப்புறத்திலேயே பிறப்பி. உன் யானையின் மணியோசை எட்டும் தொலைவில் ஒரு குடிசை கொடு. கண்ணை எடுத்துக்கொண்டாலும் செவியை விட்டுவை. இதோ, ஏழாம் நாள் கிருதி மங்களமாய் நிறைகிறது. அடுத்தது எட்டாம் நாள், நாட்டகுறிஞ்சி. தம்பூரா நிற்கவில்லை. பாடு அம்மா, பொன்னம்மா, பாடு! என்னைக் கரைத்துக்கொண்டே பாடு!