விரும்பி வந்தவர்கள்

தானாக விரும்பி ஆபத்தினுட் புகுந்தவனுக்கு நேரும் தீங்குக்குப் பிறர் பொறுப்பாளரோ என்னும் வினா அறவியலில் மிகப் பழையது. 'அறிந்தே வந்தான், ஆதலின் அது அவன் பாடு' என்று விடையிறுப்போர் என்றும் உளர். குளிரிலும் மழையிலும் நடைபெறும் நெடுந்தூர மலையோட்டங்களை முன்வைத்து இவ்விடையை நாம் ஆராய விரும்புகின்றோம்.

2021 மே 22ஆந் திகதி சீனாவின் கான்சு மாகாணத்திலே, மஞ்சள் நதிக் கற்காட்டுப் பகுதியில், 100 கிலோமீற்றர் ஓட்டமொன்று நடைபெற்றது. ஓடியோர் 172 பேர். நண்பகலளவிற் கடுங்காற்றும் உறைமழையும் ஆலங்கட்டியும் மலையைத் தாக்கின. பலர் அரைக்காற்சட்டையும் மெல்லிய மேற்சட்டையுமே அணிந்திருந்தனர். காற்றைத் தடுக்கும் அங்கி கட்டாயப் பொருட்பட்டியலில் இருக்கவில்லை. பலருடைய அங்கி, பின்னர் வரும் நிலையமொன்றுக்கு அனுப்பிய பையினுள் இருந்தது. 21 பேர் மாண்டனர். அந்நாட்டின் தலைசிறந்த ஓட்டவீரருள் ஒருவரான லியாங் ஜிங்கும் அவர்களுட் சேர்ந்தவர். எனவே, பயிற்சியற்றோர் பட்ட பாடு என்று இதனைத் தள்ளிவிட முடியாது.

ஓடும் உடல் தனக்கு வேண்டிய வெப்பத்தைத் தானே ஆக்குகின்றது. ஏற்றத்திற் களைத்து வேகம் தளர்ந்ததும் அவ்வாக்கம் குறைகின்றது; நனைந்த துணியினூடாகக் காற்று இருப்பதையும் கவர்ந்துவிடுகின்றது. உள்வெப்பம் 35 பாகை சென்ரிகிறேட்டுக்குக் கீழ் இறங்க, நடுக்கமும் தடுமாற்றமும் தொடர்கின்றன. நடுக்கம் நின்றுபோதலோ அதனினுங் கொடிய அறிகுறி. இதனிடையே, 'திரும்புவோம்' என்று தீர்மானிக்கவேண்டிய மூளையே குளிருக்கு இரையாகிவிடுகின்றது. காலையிலே ஒருவன் தெளிந்த மதியோடு அளித்த சம்மதத்தை, மதி மயங்கிய பிற்பகலில் அவனுக்கெதிரான சாட்சியாக நிறுத்துவது எவ்வகை நியாயம்?

இன்னுமொன்று. உரிய நேரத்தில் ஓட்டத்தை முடித்தோர் ஒவ்வொருவருக்கும் 1600 யுவான் உண்டு. இடையில் நின்றோருக்கு இல்லை. தேவையுள்ளவனின் 'விருப்பம்' எவ்வளவு சுதந்திரமானது என்று ஆலைத்தொழிலாளியின் ஒப்பந்தத்தைப்பற்றிப் பேசுமிடத்துக் கேட்கும் நாம், விளையாட்டென்றதும் அக்கேள்வியை மறந்துவிடுகின்றோம். அன்றியும், உயிர்கள் பலியான சரிவு வாகனம் ஏறமுடியாதது. விலக விரும்பியவனும் தன் கால்களாலேயே விலகவேண்டியிருந்தது.

அம்மலையில் ஆடு மேய்க்கும் ஒருவர் குகையொன்றில் விறகும் போர்வையும் சேர்த்துவைத்திருந்தார். ஆறு பேரை அங்கு சேர்த்துத் தீமூட்டிக் காத்தார். மயிலுக்குப் போர்வையளித்த பேகனின் செயலைக் கொடைமடம் என்று வகுப்பறையிற் கற்பிக்கின்றோம். இவ்விடையரின் கொடையில் மடமை சிறிதுமில்லை. அம்மலையின் வானம் எவ்வாறு மாறும் என்பதைத் தொழிலால் அறிந்தவர் அவர்.

நூலறிவும் இல்லாமற் போகவில்லை. 1964 மார்ச்சில் இங்கிலாந்தின் டேர்பிஷயர் மேட்டுநிலத்திலே, 'நான்கு சத்திரங்கள்' என்னும் நடைப்போட்டியில், மழையிலும் காற்றிலும் அகப்பட்ட மூன்று சாரணர் உயிர்துறந்தனர். 1953ஆம் ஆண்டு எவரெஸ்ற் குழுவோடு சென்ற உடற்றொழிலியலாளர் கிரிபித் பியூ, அம்மரணங்களைப்பற்றி அவ்வாண்டே 'லான்செற்' சஞ்சிகையில் எழுதினார். நனைந்த ஆடை காற்றிலே தன் காப்புத்திறனிற் பெரும்பகுதியை இழக்குமென்பதை அவரது தொடர்ந்த சோதனைகள் காட்டின. இன்று பிரித்தானியாவின் நெடிய மலையோட்டங்களிற் காற்றுத்தடை ஆடையும் வரைபடமும் திசையறிகருவியும் ஊதுகுழலும் கட்டாயம். 57 ஆண்டுகள் கழிந்தும் கான்சுவின் பட்டியலில் அங்கிக்கு ஒரு வரி கிடைக்கவில்லை.

கட்டாயம் வீரத்தையும் சுதந்திரத்தையும் கெடுக்கும் என்பர் சிலர். ஓர் அங்கியின் நிறை சில நூறு கிராம். அதனை விட்டுச்செல்பவன் சற்று விரைந்தோடுவான் என்ற நிலை இருக்கும்வரை, குளிருக்கு அஞ்சுபவனும் விட்டே செல்வான். எல்லாரும் சுமந்தால் எவருக்கும் நட்டமில்லை. ஆகவே, அவரவர் தெரிவுக்கென விடப்பட்ட அங்கி உண்மையில் எவருடைய தெரிவுக்கும் விடப்பட்டதன்று.

அவ்வாண்டு ஜூன் மாதத்திற் சீனா இத்தகைய ஓட்டங்களை நிறுத்திவைத்தது. உத்தியோகத்தர் பலர் தண்டிக்கப்பட்டனர். ஓடியோர் விரும்பி வந்தவர்கள் என்பது அவர்களைக் காப்பாற்றவில்லை.