எதிரே வந்தவள்

"பூனை குறுக்கே போனால் இரண்டு நிமிடம் நின்று, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுப் புறப்படுவதிலே யாருக்கு என்னப்பா நட்டம்? நம்புகிறவன் நம்பிவிட்டுப் போகட்டுமே!"

பெரியவர் ஒருவர் நம்மிடம் இப்படிக் கேட்டார். கேலி இல்லை அவர் குரலில், கனிவு இருந்தது. பகுத்தறிவு பேசும் நம்மிற் பலர் இக்கேள்வியை ஒரு சிரிப்பிலே தள்ளிவிட்டுப் போய்விடுகிறோம். தள்ளத்தக்க கேள்வியன்று அது. தீங்கிழைக்காத பொய்நம்பிக்கை என்று ஒன்று உண்டா? உண்டென்றால் அதனை எதிர்த்து நாம் ஏன் தொண்டை வறளப் பேசவேண்டும்?

முதலிலே ஒன்றை ஒப்புக்கொள்வோம், தோழர்களே! நாட்டுப்புறத்தார் சொல்லும் அடையாளங்கள் அத்தனையும் மூடத்தனமல்ல. எறும்பு முட்டையைச் சுமந்து மேடேறுகிறது, அந்தியிலே ஈசல் பறக்கிறது, நிலவைச் சுற்றி வட்டம் கட்டியிருக்கிறது — மழை வரும் என்கிறான் உழவன். வானத்தின் உயரத்திலே மெல்லிய முகிற்படலம், அதனுள்ளே பனிப்பளிங்குகள், நிலவொளி அவற்றுட் புகுந்து ஏறத்தாழ 22 பாகை வளைந்து வெளிவருவதால் அந்த வட்டம். அத்தகைய முகில், மழைமேகத்துக்கு முன்னோடியாகச் சிலவேளை வருவதுண்டு. எனவே உழவன் கண்டது பொய்யன்று, எப்போதும் பலிப்பதுமன்று. பலிக்காதபோது, "ஏமாற்றிவிட்டது" என்று துண்டை உதறித் தோளிலே போட்டுக்கொண்டு நடக்கிறான். எறும்பைப் பாவி என்று ஏசுவதில்லை. ஈசலுக்குப் பரிகாரம் செய்வதில்லை. பார்த்தான், கணித்தான், தவறிற்று. விஞ்ஞானத்தின் மழலை அது. அதனிடம் நமக்குப் பகை இல்லை.

பல்லியின் கதை வேறு. ஆண்பல்லி குரலெழுப்புவது தன் இடத்தைக் காக்க, தன் துணையை அழைக்க. கிழக்குச் சுவரிலே அது கத்தினாலென்ன, மேற்குச் சுவரிலே கத்தினாலென்ன, நம் வீட்டுப் பெண்ணின் திருமணம் பற்றி அதற்கு ஏது கவலை! ஆயினும் அதன் சொல்லுக்குப் பலன் எழுதி அச்சிட்டு விற்கிறார்கள்.

"இவையெல்லாம் வடக்கிருந்து வந்தவை, பழந்தமிழன் அறியாதவை" என்று நம் தோழர் சிலர் மேடையிலே முழங்குவதுண்டு. வேண்டாம் அந்த முழக்கம். முல்லைப்பாட்டிலே முதுபெண்டிர் நெல்லும் மலரும் தூவி, அயலார் வாய்ச்சொல்லிலே நற்குறி தேடி விரிச்சி கேட்டு நிற்கிறார்கள். புறநானூற்றிலே பூதப்பாண்டியன் தேவி, நெய்யற்ற உணவும் பரற்கல் படுக்கையுமான கைம்மை நோன்பைவிட ஈமத்தீயே தனக்கு இனிது என்கிறாள். நம் வீட்டுப் பெட்டகத்திலே இருந்தது என்பதனாலே பொய் மெய்யாகிவிடாது, கொடுமை குணமாகிவிடாது.

இனி, பயணம் புறப்படுவோன் எதிரே வரலாகாது என்று முன்னோர் வகுத்த பட்டியலைப் பார்ப்போம். விறகுக்கட்டு வரலாகாதாம். எண்ணெய்க்குடம் வரலாகாதாம். வெறுங்குடம் வரலாகாதாம். அடுப்பெரிய விறகு வேண்டும். அதைக் காட்டிலே வெட்டி, கழுத்து நோகச் சுமந்து வருபவள் மட்டும் கண்ணிலே படக்கூடாது! விளக்கெரிய எண்ணெய் வேண்டும். செக்காட்டியவன் தெருவிலே தென்படக்கூடாது! நிறைகுடம் மங்கலம் என்கிறார்களே, வெறுங்குடத்தோடு ஒருத்தி போகாமல் நிறைகுடம் எப்படித் திரும்பும்? பட்டியலை வகுத்தவன் விறகு சுமந்தவன் அல்லன் என்பது மட்டும் நமக்கு உறுதியாகத் தெரிகிறது.

அந்தப் பட்டியலிலே கைம்பெண்ணும் இருக்கிறாள். பூனைக்கு நாம் சொல்லும் பழி தெரியாது. பல்லிக்கும் தெரியாது. அவளுக்குத் தெரியும். தெருவிலே எதிர்ப்பட்டவன் முகம் சுளித்து வீட்டுக்குள் திரும்புவதை அவள் கண் காண்கிறது. "யாருக்கு என்ன நட்டம்" என்று கேட்ட பெரியவருக்கு நாம் தரும் விடை இதுதான்: ஐயா, நட்டக்கணக்கை நின்றவனிடம் கேட்கிறீர்கள், எதிரே வந்தவளிடம் கேளுங்கள். அவளைக் கண்டு நிற்கச் சொல்லித் தருவதும் பூனையைக் கண்டு நிற்கச் சொல்லித் தருவதும் ஒரே பள்ளிக்கூடம்தான்.

1856இல் கைம்பெண் மறுமணத்துக்குச் சட்டம் வந்தது. மாலை மாற்றி மணப்பதும் செல்லும் என்று 1967இல் இங்கே சட்டம் வந்தது. ஆனால் அந்தச் சுயமரியாதைத் திருமண மேடையிலேயே, நல்லநேரம் பாராமல் தாலியும் கட்டாமல் மாலை மாற்றிக்கொண்ட மணமகனின் தாய் தூணுக்குப் பின்னாலே நின்றதை நாம் கண்டிருக்கிறோம். அவளை யாரும் அங்கே நிறுத்தவில்லை. அவளாகவே போய் நின்றாள். மகனுக்குத் தன்னால் ஒரு குறை வந்துவிடுமோ என்ற அன்பு! அன்பையே விலங்காக்கிப் பூட்டிய இந்த ஏற்பாட்டை உடைப்பது எங்ஙனம்? "மூடநம்பிக்கை!" என்று அவளிடம் முழங்கலாமா? முழங்கினால் இன்னுமொரு பழி அவள் தலையிலே ஏறும், அவ்வளவே.

நமக்குத் தெரிந்த இளைஞன் ஒருவன். வேலைக்கான நேர்காணலுக்கு வைகறையிலே புறப்பட்டான். பக்கத்துவீட்டுச் சுமங்கலி நிறைகுடத்தோடு வாசலிலே காத்திருக்கிறாள். பெற்றவள் அடுக்களைக் கதவுக்குப் பின்னே.

"அம்மா, வாங்க."

"நேரமாச்சு, நீ கிளம்பு கண்ணு. நான் பிறகு வரேன்."

அவன் வாதாடவில்லை. சொற்பொழிவாற்றவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டுத் திண்ணையிலே அமர்ந்தான். பேருந்து தெருமுனையிலே ஒலியெழுப்பிவிட்டுப் போயிற்று. அடுத்தது அரைமணி கழித்துத்தான். கதவு மெல்லத் திறந்தது. புடைவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தபடி வந்தவள், "பிடிவாதக்காரன்!" என்று கடிந்துகொண்டே, அவனுக்கு முன்னே படியிறங்கித் தெருவிலே நின்றாள்.