லத்தீனில் ஒரு நுழைவுச்சீட்டு

சென்னை மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில், போட்டித் தேர்வுக் கையேடுகளுக்கு நடுவே, நார்மன் லூயிஸின் 'வேர்ட் பவர் மேட் ஈஸி' எப்படியும் கண்ணில் பட்டுவிடும். 1949-இல் அமெரிக்காவில் வெளிவந்த புத்தகம். தாய்மொழியிலேயே தங்களுக்குச் சொல்வளம் போதவில்லை என்று கவலைப்பட்ட அமெரிக்கர்களுக்காக எழுதப்பட்டது. இன்று வங்கித் தேர்வுக்கும் மேலாண்மைப் படிப்புக்கும் தயாராகும் நம் பிள்ளைகள் அதைக் கையில் வைத்திருக்கிறார்கள். சொற்களை ஒவ்வொன்றாக நெட்டுருப் போடாதே, உள்ளே இருக்கும் லத்தீன், கிரேக்க வேரைப் பிடி என்பதுதான் அது சொல்லித்தரும் வித்தை.

வித்தை பலிக்காமல் இல்லை. 'ஸ்பெக்ட்' என்றால் பார்ப்பது. உள்ளே பார்ப்பவர் இன்ஸ்பெக்டர். பின்னால் திரும்பிப் பார்த்தால் ரெட்ராஸ்பெக்ட். நாலாபுறமும் பார்த்து நடப்பவர் சர்க்கம்ஸ்பெக்ட். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் இருந்த ஜேம்ஸ் பிரவுன் இன்னும் ஒரு படி மேலே போனார். 14 சொற்களைப் பொறுக்கி எடுத்து, அவற்றின் வேரும் முன்னொட்டும் தெரிந்துவிட்டால் 14,000 சொற்களுக்கு வழி கிடைக்கும் என்று கணக்குக் காட்டினார். ஒன்றுக்கு ஆயிரம். எந்தச் சீட்டுக் கம்பெனியும் இவ்வளவு வட்டி தந்ததில்லை.

வட்டியை வாங்கப் போகும்போதுதான் தெரியும். 'இன்' என்றால் 'இல்லை' என்பது முதல் பாடம்: இன்விசிபிள், இன்கரெக்ட். அப்படியே போய் நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கர் லாரியின் முதுகைப் பாருங்கள். சிவப்பு எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்'. பாடத்தின்படி, இது சற்றும் தீப்பிடிக்காத சரக்கு. உண்மையில் அது வேறு 'இன்'. லத்தீனில் தீ மூட்டுவதைக் குறிக்கும் வினையோடு ஒட்டிப் பிறந்தது. அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களில் அந்த 'இன்'னை வெட்டிவிடச் சொன்னது. முன்னொட்டை நம்பி யாராவது பீப்பாய்க்குப் பக்கத்தில் பீடி பற்ற வைத்துவிடக் கூடாது அல்லவா! நம் லாரிகள் இன்னும் பழைய இலக்கணத்திலேயே ஓடுகின்றன.

'பெட்' இன்னும் பொல்லாதது. லத்தீனில் பாதம், கிரேக்கத்தில் குழந்தை. பாதசாரி பெடஸ்ட்ரியன், குழந்தை மருத்துவர் பீடியாட்ரிஷியன். 2000 ஆகஸ்டில் வேல்ஸின் நியூபோர்ட் பகுதியில் ஒரு குழந்தை மருத்துவரின் வீட்டில் யாரோ 'பீடோ' என்று பெயிண்டால் எழுதிவிட்டுப் போனார்கள். பீடோஃபைல்களின், அதாவது சிறுவர்களைச் சீரழிப்பவர்களின் மேல் பிரிட்டன் முழுக்க ஆத்திரம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. எழுதியவரின் வேர்ச்சொல் அறிவில் குற்றம் காண முடியாது. இரண்டு சொல்லுக்கும் கிரேக்க வேர் ஒன்றேதான். பாதிச் சொல்லோடு படிப்பை நிறுத்திக்கொண்டார், அவ்வளவுதான்.

படித்தவர்களும் தப்பவில்லை. அமிலத்தைப் பிறப்பிப்பது என்ற பொருளில் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி ஆக்சிஜன் என்று பெயர் வைத்தவர் லவாய்சியர். எல்லா அமிலத்திலும் அது இருந்தாக வேண்டும் என்பது அவர் முடிவு. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் அது துளியும் இல்லை என்று 1810-இல் ஹம்ஃப்ரி டேவி காட்டினார். அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே லவாய்சியரின் தலையைப் பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் எடுத்துவிட்டிருந்தார்கள். தப்பான பெயரை யாரும் எடுக்கவில்லை. வேரைத் தோண்டினால் கிடைப்பது, பெயர் வைத்தவர் என்ன நம்பினார் என்பது. பொருள் என்னவென்று தெரிய வேறெங்காவதுதான் போக வேண்டும்.

இவ்வளவு லத்தீனும் கிரேக்கமும் ஒரு வடகடல் தீவு மொழிக்குள் எப்படி வந்தன? 1066-இல் பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற நார்மன்கள் கொண்டுவந்தது ஒரு பங்கு. பிறகு பதினாறாம் நூற்றாண்டில் புலவர்கள் தாங்களே அள்ளிக் கொட்டினார்கள். அப்போது அதை எதிர்த்தவர்களில் ஒருவர் ஜான் சீக். மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது, நூறு வீரர்களுக்குத் தலைவனான செஞ்சூரியனை 'ஹண்ட்ரடர்' ஆக்கினார். சித்தம் கலங்கிய லூனாட்டிக்கை 'மூன்ட்' ஆக்கினார். இவர் யார் தெரியுமா? கேம்பிரிட்ஜில் அரசர் நிறுவிய கிரேக்க இருக்கையின் முதல் பேராசிரியர். (சாகுந்தலத்தைத் தமிழாக்கும் அளவுக்கு வடமொழி கற்ற வேதாசலம்தான் நமக்கு மறைமலையடிகள் ஆனார். விலக்க வேண்டியதை முழுக்கக் கற்றவர்தான் விலக்கச் சொல்கிறார்.) மறைமலையடிகளுக்குப் பின்னால் ஓர் இயக்கம் வந்தது. சீக்குக்குப் பின்னால் அப்படி ஒன்று திரளவில்லை.

விளைவு, ஆங்கிலம் இரண்டு மாடி வீடாயிற்று. கீழே அடுப்படிச் சொற்கள், மேலே பள்ளிக்கூடச் சொற்கள். பல்லைப் பார்ப்பவர் நமக்குப் பல் டாக்டர். ஆங்கிலக் குழந்தைக்கோ 'டூத்' வேறு, 'டென்டிஸ்ட்' வேறு. 'மூன்' தெரிந்த பிள்ளைக்கு 'லூனார்' தானாக வராது. மேல் மாடிச் சொற்கள் புழங்கும் வீட்டில் பிறந்த பிள்ளைக்குப் படிக்கட்டு உண்டு, கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு இல்லை. கல்வி ஆய்வாளர் டேவிட் கோர்சன் 1985-இல் 'தி லெக்ஸிகல் பார்' என்ற நூலில் இதைத்தான் ஆராய்ந்தார். பல்கலைக்கழக வாசலில் காவலும் இருந்தது. கட்டாயக் கிரேக்கத்தைக் கேம்பிரிட்ஜ் 1919-லும் ஆக்ஸ்போர்டு 1920-லும்தான் கைவிட்டன. நுழைவதற்கு லத்தீன் வேண்டும் என்ற விதி 1960 வரை நீடித்தது.

தங்கள் ஏழைகளை வெளியே நிறுத்தப் பயன்பட்ட தடைக்கல்லையே ஆங்கிலம் பேசும் நாட்டவர் மெல்ல அகற்றிக்கொண்டிருக்க, நாம் அதைப் பயிற்சி வகுப்பில் காசு கொடுத்துச் சுமக்கிறோம். அமெரிக்காவின் ஜிஆர்இ தேர்விலிருந்து எதிர்ச்சொல் கேள்விகள் 2011-இல் போய்விட்டன. 2016-இல் எஸ்ஏடி-யும் அரிய சொற்களைக் குறைத்தது. ஆனால் நம் வகுப்புகளில் 'ஃபிலோ' என்றால் அன்பு, 'மிஸோ' என்றால் வெறுப்பு என்ற பாராயணம் குறையவில்லை. அப்பா ஆட்டோ ஓட்டிச் சேர்த்த பணத்தில் படிக்கும் பெண், மனிதரை வெறுப்பவர், மணத்தை வெறுப்பவர், மகளிரை வெறுப்பவர் மூவருக்கும் தனித்தனிச் சொல் தெரிந்து வைத்திருக்கிறாள். அவர்களில் ஒருவரிடம் என்ன பேசுவது என்று அந்தப் புத்தகத்தில் இல்லை.

எழுத்துத் தேர்வை இந்த வேர்களைப் பிடித்து அவள் தாண்டிவிடுவாள் என்றே வைத்துக்கொள்வோம். நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் முதலில் கேட்பது 'டெல் மி அபவுட் யுவர்செல்ஃப்'. நான்கு சொற்கள். நான்கும் கீழ் மாடிச் சொற்கள். ஒன்றில்கூட லத்தீனோ கிரேக்கமோ இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் தடுமாறுவது அங்கேதான்.