கூரையை எண்ணிய பின் அத்திவாரம்



மாரி கழிந்து நிலம் காய்ந்ததும் நம் ஊர்களிலே புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிடுவார்கள். குருவானவரை அழைத்து மந்திரிக்கிறோம். முதற்கல்லின் கீழ் மாதாவின் பதக்கம் ஒன்றையும் வைக்கிறோம். நல்ல வழக்கந்தான். ஆனால், இதன் மேல் என்ன கூரை வரப்போகிறது என்று கேட்டால், "அதைப் பிறகு பார்ப்போம் சுவாமி" என்பதே பல வீடுகளில் மறுமொழி. அந்தப் "பிறகு" என்ற சொல்லைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

லூக்காஸ் நற்செய்தியின் 14 ஆம் அதிகாரத்திலே, கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடமாட்டானா என்று யேசு கேட்கிறார். அத்திவாரத்தோடு நின்றுபோனவனை ஊரார் நகைப்பதையும் சொல்கிறார். தம்மைப் பின்செல்வதன் விலையைப் பற்றித்தான் அவர் பேசினார். ஆயினும் உவமைக்கு அவர் எடுத்த காட்சி, கேட்டவர்கள் தம் ஊரிலேயே கண்டிருக்கக்கூடிய காட்சி. நாமும் காண்கிறோம். சுவர் எழும்பி, முகடு இல்லாமல், உள்ளே எருக்கலை முளைத்து நிற்கும் வீடுகள் நம்மிடையே இல்லையா?

கூரையைத் தீர்மானிக்காமல் அத்திவாரத்தின் அளவைத் தீர்மானிக்க முடியாது என்பதை மேசனாரிடம் கேட்டாலே சொல்வார். ஓட்டுக் கூரையில் ஒரு சதுர அடிக்கு ஓட்டின் பாரம் ஏறக்குறைய 4 கிலோ. 5 அங்குலக் கொங்கிறீற் தட்டுக்கோ சுமார் 28 கிலோ. ஆயிரம் சதுர அடி வீடானால் தலைக்கு மேலே 28 தொன். "இப்போது ஓடு போடுவோம், மகன் உழைத்து மேல்மாடி கட்டட்டும்" என்று நினைக்கிற தகப்பன், அந்த மேல்மாடியின் பாரத்தை இன்றே மண்ணுக்குள் எண்ணிவைக்க வேண்டும். தூணும் அதன் அடித்தளமும் அதற்கேற்ப அமையாவிட்டால் மகன் மாடி கட்ட முடியாது, கட்டினால் ஆபத்து. மாடி வேண்டாம் என்றால் அதையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வீணாகக் கம்பியும் சீமெந்தும் புதைக்க வேண்டியதில்லை.

மண்ணும் எல்லா இடத்திலும் ஒன்றல்ல. வலிகாமத்திலே பல இடங்களில் சிறிது தோண்டினாலே சுண்ணாம்புக்கல் தட்டுப்படும். முருங்கன் பக்கத்துக் கரிய களிமண்ணோ (காங்கேசன்துறைச் சீமெந்துக்குப் போன அதே களிதான்) மழையில் வீங்கும், கோடையில் வாய் பிளக்கும். அதன் மேல் ஆழமில்லாமல் கல் அடுக்கினால், இரண்டு மாரி போகுமுன் யன்னல் மூலையிலிருந்து சுவர் வெடித்து வரும். வெடிப்பு இறங்கும் ஆழத்துக்கும் கீழே போய், அத்திவாரத்தின் மேல் சுற்றிவரக் கம்பி போட்ட கொங்கிறீற் பட்டி கட்ட வேண்டும். கற்பாறையில் கட்டியவனைப் பற்றி மத்தேயுவும் எழுதுகிறார், லூக்காசும் எழுதுகிறார். அவன் ஆழத் தோண்டினான் என்பதைச் சொல்கிறவர் லூக்காஸ் மட்டுமே. அந்த ஆழத்துக்குப் போகும் பணத்தை வீட்டுக்கு வருகிற எவரும் பார்த்து மெச்சமாட்டார்கள். முகப்புத் தூணுக்குப் பூவேலை செய்தால் மெச்சுவார்கள். எதற்குக் கை தாராளமாக நீள்கிறது என்று உங்கள் கணக்குக் கொப்பியைப் பார்த்தாலே தெரியும்.

கூரைக்கு வருவோம். 1978 நவம்பரில் மட்டக்களப்பை அழித்த சூறாவளியை அப்பகுதிப் பெரியவர்கள் மறக்கவில்லை. பெருங்காற்று கூரையை அமுக்குவதைவிட மேலே தூக்கவே பார்க்கும். ஆகவே சுவரின் மேல் கிடக்கும் வளையை, சுவருக்குள் இறங்கிய இரும்பால் பிணைக்க வேண்டும். கைமரத்தை வளையோடும் முகட்டோடும் பிணைக்க வேண்டும். ஆணி மட்டும் போதாது. தாழ்வாரத்தை அளவுக்கு மிஞ்சி வெளியே நீட்டினால் காற்றுக்குப் பிடி கொடுத்தவராவீர்கள்.

உபாகமம் 22 ஆம் அதிகாரம் 8 ஆம் வசனத்தை வாசித்துப் பாருங்கள். புது வீடு கட்டுகிறவன் மேற்றளத்தைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். ஒருவன் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின் மேல் வரும் என்று மோயீசன் வழியாகக் கட்டளை பிறந்தது. கூரையின் ஓரத்தைக்கூட இறைவன் கவனிக்கிறார்! மொட்டைமாடி வைத்திருப்போர் இதை நேரடியாகவே எடுத்துக்கொள்ளலாம். மற்றவர்களும் யோசிக்கலாம்: உங்கள் வேலையில் அஸ்பெஸ்டஸ் தகட்டை முகம் மூடாமல் வாளால் அறுக்கிறானே ஒரு பொடியன், அந்தத் தூசு பல்லாண்டுகளுக்குப் பின் புற்றுநோயாகலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவன் யார் பொறுப்பு?

இனிப் பணம். போருக்குப் பின், 2012 முதல், இந்திய வீடமைப்புத் திட்டத்திலே குடும்பத்தவர் தாமே வீட்டைக் கட்ட, வேலை ஏற ஏறப் பகுதி பகுதியாக 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா வழங்கப்பட்டது. அந்த அளவுக்குள் திட்டமிடுவது எளிதாக இருக்கவில்லை. சாமான் விலை ஏறியது. ஆயினும் பக்கத்து வளவைப் பார்த்து அத்திவாரத்தை அகட்டியவர்களும் இருந்தார்கள். அகட்டிய ஒவ்வோர் அடிக்கும் சுவர் வேண்டும், மரம் வேண்டும், ஓடு வேண்டும். கூரை மட்டத்துக்கு வரும்போது தாலிக்கொடி அடகுக்குப் போகிறது, பிறகு நுண்கடன். கிழமைதோறும் வாசலில் வந்து நிற்கும் கடன்காரருக்கு முகம் கொடுப்பவள் பெரும்பாலும் தாய்தான். ஆகவே அறையின் அளவை முடிவுசெய்யும் இடத்தில் அவளும் இருக்கட்டும்.

கை முட்டியதும் முதலில் நிற்பது வேலையாட்களின் கூலி. எரேமியாஸ் 22 ஆம் அதிகாரத்திலே, விசாலமான மேலறைகளும் கேதுரு மரப் பலகையுமாக மாளிகை கட்டி, அயலானிடம் கூலியின்றி வேலை வாங்கிய அரசனுக்கு ஐயோ என்கிறார் தீர்க்கதரிசி. நம் வீட்டுக்குக் கேதுரு மரம் வருவதில்லை. தச்சருக்குப் பாக்கி வைத்துக்கொண்டு குடிபுகும் நாளில் ஊருக்கே விருந்து வைக்கிற வழக்கம் மட்டும் இருக்கிறது.

இந்த வருடம் வீடு தொடங்க இருப்போர் ஒரு மாலை செபமாலை முடிந்ததும் பாயிலேயே உட்கார்ந்திருங்கள். கொப்பியின் மேல்வரியில் கூரையை எழுதுங்கள்: மரம், ஓடு, இரும்பு, கூலி. பிறகு சுவர். கடைசி வரியில் அத்திவாரம். கூட்டிப் பார்த்துத் தொகை மிஞ்சினால், மண்ணில் கயிறு பிடிக்குமுன்பே ஓர் அறையைக் குறைத்துவிடுங்கள்.