எண்ணப்படுவோரும் கேட்கப்படுவோரும்

ஒரு சமூகத்தின் நோய்நொடிகளை ஆராயப் புகுவோர், அச்சமூகத்து வாலிபர்களையும் தம்முடன் கூட்டாளிகளாக வைத்துக்கொண்டு ஆராய்தல் வேண்டுமா? அன்றி, அவர்களிடம் வேண்டிய விவரங்களைப் பெற்றுக்கொண்டு அனுப்பிவிடுதல் போதுமா? இவ்வினா வைத்தியர்களுக்கும் பண்டிதர்களுக்கும் மட்டுமே உரியதென்று நம்மவர் ஒதுக்கிவிடலாகாது. ஆராயப்படுவோர் நம் வீட்டுப் பிள்ளைகளன்றோ?

சரித்திரம் ஒன்றை நினைவூட்டுவோம். 1901ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு அரசாங்க வைத்தியராக வந்த மால்கம் வாட்சன் என்பார், சதுப்பு நீரை வடியச் செய்து, அப்பட்டணத்தில் மலேரியாக் காய்ச்சலைப் பெரிதும் குறைத்தார். பின்னர் அவர் ரப்பர் தோட்டங்களிலும் புகுந்து, குழந்தைகளின் வயிற்றைத் தொட்டுச் சோதித்தார். மலேரியா அடிக்கடி கண்ட பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கியிருக்கும்; நூற்றுக்கு எத்தனை பிள்ளைகளுக்கு அவ்வீக்கம் உண்டு என்ற கணக்கே, அத்தோட்டத்து மலேரியாவின் அளவாயிற்று. அவர்களிற் பலர் தமிழ்த் தொழிலாளரின் மக்கள். அம்முயற்சியால் உயிர்கள் பல பிழைத்தன. அந்நன்றியை நாம் மறவோம். ஆயினும் அப்பிள்ளைகள் அவ்வாராய்ச்சிக்கு அளவுகோலாய் இருந்தனரேயன்றி, ஆராய்வோராய் இருந்தாரல்லர். தோட்டத்து ஆபீசில் செக்ரோல் எழுதும் நாம் இவ்வேற்றுமையை நன்கறிவோம். பெயர் பதியப்படுவது வேறு. பேச இடம் பெறுவது வேறு.

“விளையாட்டுப் பிள்ளைகளுக்கு ஆராய்ச்சி எதற்கு?” என்பார் உளர். டிங்கிக் காய்ச்சலை எடுத்துக்கொள்வோம். அதனைப் பரப்பும் ஏடிஸ் கொசு, வீட்டைச் சுற்றித் தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடுகிறது. ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்களுக்குள் அம்முட்டை பறக்கும் கொசுவாகிவிடும். ஆராய வருபவர், “தண்ணீர்ப் பீப்பாயை மூடி வைக்கிறீர்களா?” என்று வினவினால், அபராதத்துக்கு அஞ்சிய வீட்டார் “ஆம்” என்றே விடை கூறுவர். அவ்வீட்டுப் பதினாறு வயதுப் பெண்ணோ, குழாயில் நீர் எப்பொழுது நிற்கும், பீப்பாய் ஏன் திறந்து கிடக்கிறது, பந்து தேடிச் சென்ற சிறுவர் எந்தப் பழைய டயரில் நீரைக் கண்டனர் என்பவற்றையெல்லாம் அறிவாள். வினாக்களை வகுக்கும்போதே அவளும் உடனிருந்தால், “மூடுகிறீர்களா?” என்பது, “மூட முடியாமைக்குக் காரணம் யாது?” என்று மாறும். வினா திருந்தினால் உண்மையும் வெளிப்படும்.

பயன் ஒன்றே காரணமன்று, நியாயமும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபை 1989இல் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு, தம்மைப் பற்றிய விஷயங்களில் அபிப்பிராயம் கூறும் உரிமையைப் பிள்ளைகளுக்கு அளிக்கின்றது. வயதுக்கும் முதிர்ச்சிக்கும் தக்கவாறு அதனை மதிக்க வேண்டுமென்றும் விதிக்கின்றது. மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் அதில் இணைந்தன. 1992இல் ரோஜர் ஹார்ட் என்னும் அறிஞர், பிள்ளைகள் பங்குபெறுவதை எட்டுப் படிகளுள்ள ஓர் ஏணியாக வகுத்தார். கீழ்ப்படிகள் மூன்றும் பங்கேற்பே அல்ல என்பது அவர் முடிவு. மேடையில் நிறுத்திப் படம் பிடித்து அனுப்பிவிடும் வழக்கம் அக்கீழ்ப்படிகளைச் சேர்ந்ததே.

ஆனால், கூட்டாளி என்ற பெயரால் பாரத்தை மட்டும் ஏற்றிவிடுதலும் அநீதியாகும். அயலாரின் சர்க்கரை நோயையும் குடிப்பழக்கத்தையும் கேட்டறியும் இளைஞன், அவ்விரகசியங்களைச் சுமந்துகொண்டு மறுநாளும் அதே லயத்தில் வாழவேண்டியவன். இரகசியம் காக்கும் முறையை அவனுக்குக் கற்பித்தல் பெரியோர் கடன். அவன் படிப்புக்கு இடையூறு நேரலாகாது. உழைப்புக்கும் வழிச்செலவுக்கும் உரியதைக் கொடுத்தல் வேண்டும். எல்லாவற்றினும் மேலாக, “மாட்டேன்” என்று சொல்லும் உரிமை அவனுக்கு வேண்டும். மறுக்க முடியாதவனைக் கூட்டாளி என்பது வெறும் பேச்சு.

ஆகவே அன்பர்களே, இனி ஆராய்ச்சியென்று எவரேனும் நம் வாயிலுக்கு வந்தால், அவரை வரவேற்போம். வரவேற்று, மூன்று கேள்விகளையும் கேட்போமாக. வினாக்களை வகுத்ததில் எம் பிள்ளைகளுக்குப் பங்குண்டா? விரும்பாத பிள்ளை தடையின்றி விலகலாமா? கண்ட முடிவைத் தமிழில் எமக்கு வந்து சொல்வீர்களா? இவற்றுக்கு நேரான விடை தருபவரே நம் நலம் நாடி வந்தவர் என்க.