புதிர் போட்டவர் யார்?

2016 ஜனவரியில் வெளிவந்த 'தி விட்னஸ்' என்ற வீடியோ கேமில் துரத்தலும் சண்டையும் கிடையாது. ஆளில்லாத ஒரு தீவு, அதில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட புதிர்கள், அவ்வளவுதான். பெரும்பாலானவை பலகைகளில் இருக்கின்றன. வட்டத்தில் தொடங்கி ஒரு கோட்டை இழுத்துச் சரியான வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். விதிகளைச் சொல்லித்தர யாரும் வருவதில்லை. எளிய பலகையில் தப்புச் செய்து, விதியை ஊகித்து, அடுத்த பலகையில் அந்த ஊகம் உடைந்து, மறுபடி ஊகித்துத்தான் முன்னேற முடியும். ஆனால் இதை உருவாக்கிய ஜொனாதன் ப்ளோவின் உண்மையான கைவரிசை பலகைகளுக்கு வெளியே இருக்கிறது. குறிப்பிட்ட ஓர் இடத்தில் நின்று பார்த்தால் மலையடிவார ஆறும், மேகத்தின் ஓரமும், சுவரில் விழும் வெயிலும்கூட அதே வட்டமும் கோடுமாகக் கூடிவருகின்றன. அவற்றையும் இழுக்கலாம், தீவு பதில் சொல்லும். ஒருமுறை இது பிடிபட்டுவிட்டால் தீவில் சும்மா கிடக்கும் பொருள் என்று ஒன்றும் மிஞ்சாது. அப்படிப் பழகிய கண்ணோடு ஒருவர் குமுளி மலைச்சாலையில் கம்பம் பள்ளத்தாக்குக்கு இறங்கினால் என்ன பார்ப்பார்? லோயர் கேம்ப் பக்கம் மலைச்சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள் நேர்கோடாக இறங்கி மின்நிலையத்தில் முடிகின்றன. அதற்குக் கீழே கூடலூர், கம்பம், உத்தமபாளையம் என்று வயல்களின் பச்சை நீண்டு போகிறது. இரண்டு பக்கமும் மலை. எல்லாமே யாரோ யோசித்து வைத்ததுபோலத்தான் தெரியும். அந்தத் தோற்றம் எதையாவது நிரூபிக்கிறதா என்பதே இங்கே கேள்வி.

திறந்த உலகப் புதிர் விளையாட்டு ஆடுபவருக்கு இரண்டு பழக்கங்களை ஒன்றாகச் சேர்த்துப் புகட்டுகிறது. ஒன்று, கவனித்துப் பார்ப்பது. மற்றது, கவனித்ததெல்லாம் தனக்காகவே வைக்கப்பட்டது என்று எதிர்பார்ப்பது. கேமுக்குள் இரண்டும் பிரியாது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு கல்லையும் ஒருவர் வைத்திருக்கிறார். வெளியே வந்தால் முதலாவது மட்டுமே செல்லும் என்பது என் கட்சி. இரண்டாவதைக் கொண்டு கடவுளை நிறுவப் பார்ப்பது தர்க்கமாகத் தேறாது. அதைவிட முக்கியமாக, இந்தப் பள்ளத்தாக்கின் பக்திக்கு அப்படி ஒரு நிறுவல் தேவைப்பட்டதாகவும் தெரியவில்லை.

செய்பொருளைக் காட்டிச் செய்தவரை நிறுவும் அந்த வாதத்துக்கு நீண்ட வயது உண்டு. 1802இல் இங்கிலாந்தில் வில்லியம் பேலி கடிகாரத்தைக் காட்டிப் பேசுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் நியாய தர்க்க மரபினரான நையாயிகர்கள் பானையைக் காட்டிப் பேசிவிட்டார்கள். உதயணர் நியாய குசுமாஞ்சலி எழுதியதே ஈசுவரனை அனுமானத்தால் நிறுவத்தான். பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டாரின் சிவஞான போதம் முதல் சூத்திரத்திலேயே, தோன்றி நின்று அழியும் உலகத்துக்கு ஒரு கருத்தா வேண்டும் என்று தொடங்குகிறது. சைவ சித்தாந்தம் இதை மூன்று காரணங்களாகப் பிரித்து விளக்கும்: மண்போல மாயை முதற்காரணம், தண்டசக்கரம்போலச் சக்தி துணைக்காரணம், குயவன்போலச் சிவன் நிமித்த காரணம். பானை இருந்தால் குயவன் இருந்தாக வேண்டும். தீவில் கோடு இருந்தால் ப்ளோ இருந்தாக வேண்டும். இவ்வளவு தூரம் இரண்டும் ஒரே பாதைதான்.

இப்போது அந்தப் பச்சை வயல்களுக்குத் திரும்புவோம். புதிதாக வருபவருக்கு அது இயற்கையின் கொடை. மழைக்காடு பக்கத்தில் இருக்கிறது, ஆறு ஓடுகிறது, நெல் விளைகிறது என்று தோன்றும். உண்மையில் அந்தத் தண்ணீர் அந்தப் பக்கம் வரவேண்டிய தண்ணீரே அல்ல. பெரியாறு மேற்கே ஓடி அரபிக்கடலில் கலந்துகொண்டிருந்த ஆறு. 1886இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை எழுதி, 1887இல் வேலை தொடங்கி, சுண்ணாம்பும் சுர்க்கியும் கல்லுமாக அணை கட்டி, மலையைக் குடைந்து ஒரு மைலுக்கும் மேல் சுரங்கம் போட்டு, 1895 அக்டோபரில் அதைக் கிழக்கே திருப்பினார்கள். பள்ளத்தாக்கில் சுமார் 14,700 ஏக்கர் இரு போகம் விளைவது அதனால்தான். ஆக, இயற்கைபோலத் தெரிவது இங்கே செய்யப்பட்டது. செய்தவரின் பெயரும் தெரியும். பாலார்பட்டியில் ஜனவரி 15 அன்று அணையைக் கட்டிய ஜான் பென்னிகுவிக்கின் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறார்கள். ஆனால் இது எப்படித் தெரிந்தது? வயலை உற்றுப் பார்த்துத் தெரியவில்லை. குத்தகைப் பத்திரம் இருக்கிறது, அணை இருக்கிறது, கட்டியதைக் கண்டவர்கள் சொன்னதைக் கேட்டவர்கள் இருந்தார்கள். செய்தவர் உண்டு என்பதைத் தோற்றம் சொல்லவில்லை, ஆவணம் சொன்னது.

எதிர்ப்பக்க உதாரணமும் சில கிலோமீட்டர் தள்ளிக் கிடைக்கிறது. சுரபி நதிக்கரையில் உள்ள குச்சனூரில் சனீஸ்வரர் சுயம்பு. ஆடி மாதச் சனிக்கிழமைகளில் அங்கே கூட்டம் நெருக்கியடிக்கும். அந்த மூர்த்தியின் பெருமையாகச் சொல்லப்படுவதே அதை எந்தச் சிற்பியும் செதுக்கவில்லை என்பதுதான். புதிர் விளையாட்டின் தர்க்கப்படி பார்த்தால் இது தலைகீழ். அங்கே செய்தவரின் கைத்தடம் தெரிந்தால் அந்தக் கல் பொருள் பெறும். இங்கே எந்தக் கைத்தடமும் இல்லை என்பதால் கல் தெய்வமாகிறது. ஏழாம் நூற்றாண்டுப் பௌத்தத் தர்க்கவாதி தர்மகீர்த்தி, குயவன் வாதத்தை உடைக்க ஒரு பொருளை எடுத்தார்: புற்று. மண்ணால் ஆனது, உருவம் உள்ளது என்பது மட்டும் போதுமென்றால் புற்றையும் குயவன்தான் செய்தான் என்றாகிவிடுமே என்று கேட்டார். குயவர் பானை வனைவதைப் பார்த்திருக்கிறோம், அதனால்தான் பானையைக் கண்டதும் குயவரை ஊகிக்கிறோம். உலகம் வனையப்படுவதை யாரும் பார்த்ததில்லை என்பது அவர் கருத்தின் சாரம். அவர் மறுப்புக்கு எடுத்த அதே புற்றுக்குத்தான் நம் கிராமங்களில் பால் ஊற்றி மஞ்சள் தூவுகிறார்கள். கறையான்கள் எந்த வரைபடமும் இல்லாமல் எழுப்பிய மேடு அது. கும்பிடுகிறவர்கள் குயவனைத் தேடிப் போகவும் இல்லை, அவன் இல்லை என்றதும் பால் செம்பைத் திருப்பி எடுத்துப்போகவும் இல்லை.

தேர்ந்த சைவ சித்தாந்தி இதற்கெல்லாம் அசைய மாட்டார். சிவஞான சித்தியாரின் பரபக்கத்தில் உலகாயதரையும் பௌத்தரையும் அழைத்துப் பேசவைத்தே மறுத்த மரபு அது. தோற்றத்தின் ஒழுங்கை வைத்து நாங்கள் வாதிடவில்லை என்பார் அவர். உலகம் அறிவற்ற சடம், அது தானாக இயங்காது. அதோடு, அது யாருக்காக என்று பாருங்கள். தனு (உடல்), கரணம் (கருவி), புவனம் (உலகம்), போகம் (நுகர்வு) என்று உயிருக்கு வேண்டியதெல்லாம் அதைப் பற்றிய அழுக்காகிய மலம் பக்குவப்படவே தரப்பட்டிருக்கிறது. இந்த இடத்தில் வீடியோ கேம் என் பக்கத்தைவிட அவர் பக்கத்துக்கே பொருத்தமான சாட்சி என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். புதிரின் அழகு அதன் சிக்கலில் இல்லை. ஆடுபவரின் அறிவு எந்தப் படியில் நிற்கிறதோ அதற்கு ஒரு படி மேலே அடுத்த பலகை காத்திருப்பதில் இருக்கிறது. அவர் தடுமாறுவார், தோற்பார், ஆனால் கைவிடப்பட மாட்டார். தீவு முழுதும் ஒரு குருவைப்போல் நடந்துகொள்கிறது. சித்தாந்தத்தின் உலகமும் அப்படித்தான்.

ஆனால் அந்தப் பொருத்தம்தான் வாதத்தைக் கவிழ்க்கிறது. ப்ளோவின் தீவில் ஆடுபவரை வழியே இல்லாமல் நிறுத்திவிடும் பலகை ஒன்றுகூடக் கிடையாது. இருந்திருந்தால் அதைப் பிழை என்று சொல்லி நீக்கியிருப்பார்கள். 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானவர்கள் செத்தார்கள். ஏட்டில் நெடுங்காலம் கிடந்த பெரியாற்றுத் திட்டத்துக்கு அவசரம் வந்ததே அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான். பசியில் செத்த குழந்தைக்கு எந்தப் பலகையில் எந்தக் கோடு மிச்சம் இருந்தது? அணை வந்து விடை கிடைத்தது என்று சொன்னால், விடை கிடைத்தவர்கள் வேறு, கேள்வியில் மாண்டவர்கள் வேறு. ஒருவருடைய பாடத்துக்கு இன்னொருவருடைய சாவைக் கரும்பலகையாக்கும் ஆசிரியரைக் கருணையுள்ளவர் என்று சித்தாந்தியே சொல்லமாட்டார். அதனால் அவர் வினைக்கும் பல பிறவிகளுக்கும் போவார். முழு ஆட்டத்தையும் ஒரு பிறவியில் நின்று பார்க்க முடியாது என்பார். அது உள்முரண் இல்லாத பதில். ஆனால் அதைச் சொன்ன கணத்தில், பார்த்ததிலிருந்து ஊகிப்பதை அவர் விட்டுவிட்டு ஆகமத்தின் சொல்லில் வந்து நிற்கிறார். அங்கே நிற்பதில் இழிவு ஒன்றுமில்லை, நம் மரபில் சப்தமும் (நம்பத்தக்க சொல்லும்) ஒரு பிரமாணம்தானே. ஆனால் அங்கே நிற்பவருக்குக் குழாய்களின் நேர்கோடும் வயலின் ஒழுங்கும் சாட்சி சொல்ல வரவேண்டியதில்லை.

நடைமுறையைக் காட்டி இன்னொருவர் மறுக்கலாம். குச்சனூருக்கு வருகிறவர்கள் தங்கள் கஷ்டத்தைத் தங்களை நோக்கி வந்த செய்தியாகத்தானே படிக்கிறார்கள்? ஏழரைச் சனி எனக்கு நடக்கிறது, எனக்கு ஏதோ சொல்கிறது என்பதுதானே பரிகாரத்தின் அடிப்படை? இது வலுவான மறுப்பு. என்றாலும் ஏழரையின் அமைப்பைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். சனிக்கோள் சூரியனைச் சுற்றிவர ஏறக்குறைய இருபத்தொன்பதரை ஆண்டு. ராசிக்கு இரண்டரை ஆண்டு வீதம் மூன்று ராசி கடந்தால் ஏழரை. எள் தீபம் ஏற்றினாலும் ஏற்றாவிட்டாலும் அது அதே வேகத்தில்தான் நகர்கிறது. விளக்கேற்றும் பெண்மணி சனி இன்று மாலையே விலகிவிடுவார் என்று நினைப்பதில்லை. தாங்கும் பலத்தையும் கடுமை கொஞ்சம் குறைவதையும் கேட்கிறார். புதிருக்கு இப்படி ஓர் இயல்பே கிடையாது. விடை சொன்ன நொடியில் கதவு திறக்கும், சொல்லாதவரை நூறு வருஷம் ஆனாலும் பூட்டியே இருக்கும். ஏழரை யார் விடை சொன்னாலும் சொல்லாவிட்டாலும் முடிந்துபோகும். ஜோதிடத்தை நம்புகிறோமா என்பது வேறு விஷயம். அந்த வழிபாட்டின் வடிவம் அவிழ்ப்பது அல்ல, கடப்பது. துன்பத்தைப் புதிராக்கி, அவிழ்க்கத் தெரியாதவன் மக்கு என்று முடிவுகட்டும் இன்றைய சுயமுன்னேற்றப் பேச்சைவிட இது எவ்வளவோ நாகரிகமானது.

கடைசியாக ஒரு மறுப்பு. எதுவும் நமக்காக வைக்கப்படவில்லை என்றால் ஏன் இவ்வளவு மெனக்கெட்டுப் பார்க்க வேண்டும்? விடை உண்டு என்ற நம்பிக்கை இல்லாமல் யாராவது புதிரில் உட்காருவார்களா? இந்தப் பள்ளத்தாக்கு இருக்கும் தேனி மாவட்டத்திலேயே இதற்கு ஒரு பதில் எழுதப்பட இருந்தது. பொட்டிபுரம் அம்பரப்பர் மலையைக் குடைந்து, உள்ளே 50,000 டன் இரும்புக் காந்த உணர்கருவி வைத்து, நியூட்ரினோ வகைகளின் நிறை வரிசையைக் கண்டறிய இந்திய நியூட்ரினோ ஆய்வகம் திட்டமிட்டது. 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. உள்ளூர் எதிர்ப்பும் வழக்குகளும் வந்தன. 2022இல் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை ஏற்க முடியாது என்றது. அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதற்கு இது இடமில்லை. கவனிக்க வேண்டியது வேறு. 1965இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில் வளிமண்டல நியூட்ரினோவைப் பதிவுசெய்த காலத்திலிருந்து இந்த வேலையில் இருப்பவர்களுக்கு, கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது என்பது போதுமானதாக இருந்திருக்கிறது. அந்த விடையை யாரோ மனிதருக்காக ஒளித்துவைத்தார் என்ற எண்ணம் அவர்கள் கணக்கில் எந்த வரியிலும் வருவதில்லை. நொடிக்குக் கோடி கோடியாக நம் உடலைத் துளைத்துக்கொண்டு போகும் அந்தத் துகள்கள் நம்மைச் சட்டை செய்வதே இல்லை. அதனால் அவற்றைத் தேடும் ஆர்வம் யாருக்கும் குறைந்துவிடவில்லை.

இந்த வித்தியாசம் புதிர் செய்பவர்களுக்கும் தெரியும். 2019இல் வந்த 'அவுட்டர் வைல்ட்ஸ்' கேமில் ஒரே இருபத்திரண்டு நிமிடம் திரும்பத் திரும்ப ஓடுகிறது, ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் சூரியன் வெடிக்கிறது. இதை யார் செய்தார்கள் என்று ஆடுபவர் கிரகம் கிரகமாகத் தேடுகிறார். அழிந்துபோன ஓர் இனம் அந்தச் சூரியனை வெடிக்கவைக்க ஒரு நிலையமே கட்டியிருப்பது தெரியவருகிறது. குற்றவாளி அகப்பட்டாயிற்று என்றே தோன்றும். பிறகு அந்த முயற்சி தோற்றுப்போனதும் தெரியவருகிறது. சூரியன் தன் ஆயுள் முடிந்து சாகிறது; யாரும் எதுவும் செய்யவில்லை. வரிக்கு வரி மனிதர்கள் திட்டமிட்டு எழுதிய ஒரு கேம், தன் மையத்தில் திட்டமிட்டவர் இல்லாத ஒரு சாவை வைத்திருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பிறகும் ஆடுபவர் கேமை மூடுவதில்லை. மிச்சமிருக்கும் கிரகங்களைப் பார்க்கப் போகிறார். 'தி விட்னஸ்' கேமிலும் மறைவான முடிவு ஒன்று உண்டு. தீவிலிருந்து விழித்தெழும் ஒருவரின் கண்வழியாக எடுத்த நிஜப் படக்காட்சி அது. அவர் தள்ளாடி நடந்தபடி வட்டமாகத் தெரியும் பொருள்களில் எல்லாம் கோடு இழுத்துப் பார்க்கிறார். எந்தப் பொருளும் பதில் சொல்வதில்லை.