தோற்கும் கோஷ்டியில் ஒரு வாலிபன்



தோல்விமேல் தோல்வி காணும் ஒரு ஹாக்கிக் கோஷ்டி. அதில் தடுமாறி ஆடும் ஓர் இளைஞன். அவனைப் பெஞ்சில் உட்கார வைப்பது நியாயமா? விளையாட்டுச் சமாசாரம் என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். பலருடைய நன்மைக்காக ஒருவனை எவ்வளவு தூரம் ஒதுக்கலாம் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

கனடா தேசத்து மான்ட்ரியல் நகரில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். அங்கே ஹாக்கி உறைபனித் தளத்தில் சறுக்கிக்கொண்டே ஆடப்படுவது. மூச்சு வாங்குமாகையால், ஏறக்குறைய முக்கால் நிமிஷத்துக்கு ஒரு முறை ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒருவனை வெளியே அனுப்பாமலே, முறை வரும்போது கூப்பிடாமல் விட்டுவிடலாம். ஆயிரக்கணக்கானோர் பார்க்க, உடுப்பணிந்து மட்டையோடு அவன் சும்மா உட்கார்ந்திருப்பான்.

2022-ல் அந்நகரின் கனேடியன்ஸ் கோஷ்டி, புது ஆட்டக்காரரைப் பொறுக்கும்போது எல்லோருக்கும் முதலாவதாக யூராய் ஸ்லாஃப்கோவ்ஸ்கி என்ற 18 வயது ஸ்லோவாக்கிய வாலிபரைத் தேர்ந்துகொண்டது. அதே ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 7 கோல் அடித்துத் தம் நாட்டுக்கு வெண்கலம் வாங்கித் தந்தவர். மான்ட்ரியலிலோ முதல் பருவத்தில் 39 ஆட்டங்களில் 4 கோல்தான், பிறகு காயம். கோஷ்டியும் பட்டியலின் அடியில் கிடந்தது. இரண்டாம் பருவத் தொடக்கத்திலும் அவர் தடுமாறவே, கீழ்மட்டக் கோஷ்டிக்கு அனுப்பும்படி பலர் கூக்குரலிட்டனர்.

அவர்கள் வாதத்தையும் கேட்போம். உழைத்து இடம்பெற்ற மூத்தவன் காத்திருக்க, பிழை செய்யும் இளையவனை ஆடவிடுவது அநீதியல்லவா? வீண் வாதமன்று. இதே கோஷ்டி 2021-ல் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரில் 3 ஆட்டம் தோற்று நின்றபோது, யெஸ்பெரி கோட்கனியெமி என்ற பின்லாந்து இளைஞரை ஒதுக்கி வைத்தது. நான்காம் ஆட்டத்தில் ஜெயம். ஐந்தாவதில் கோப்பை கைநழுவிற்று. இன்னொரு தோல்வியோடு எல்லாம் முடிந்துவிடும் வேளையில், மற்றவர்களின் உழைப்பைப் பயிற்சியாளர் எண்ணிப் பார்த்ததை நான் குறைகூற மாட்டேன். அந்தக் கோடையிலேயே இளைஞர் வேறு கோஷ்டிக்குப் போய்விட்டார். ஒதுக்கியதுதான் காரணம் என்று சொல்லத் துணியேன். அங்கே கிடைத்த சம்பளமும் பெரிது!

ஆனால் அடியில் கிடக்கும் கோஷ்டிக்கு இந்த நியாயம் செல்லுமா? அங்கே காப்பாற்றவேண்டிய கோப்பை இல்லை. ஒருவனை உட்கார வைப்பதால் பலருக்கு விளையும் நன்மை அற்பம். பெரும்பாலும் கோபத்துக்கு ஒரு வடிகால், அவ்வளவே. எல்லோருடைய தோல்வியையும் எளியவன் தலையில் ஏற்றும் பழக்கம் மனித குலத்துக்கு மிகப் பழையது. இவ்வுலகத் தண்டனைகள் பழிதீர்ப்பதைவிட மருந்தாகவே அமைய வேண்டும் என்பது அர்ச். தோமாஸ் அக்குவீனாஸின் போதனை. மருந்துக்கு அளவு உண்டு. ஓர் ஆட்டத்தில் சற்று நேரம் நிறுத்தி, ‘இன்ன இடத்தில் பிசகினாய்’ என்று அருகிருந்து காட்டுவது மருந்து. காரணம் சொல்லாமல் வாரக்கணக்கில் உட்கார வைத்தால் பையன் கற்பது பயம் ஒன்றுதான்.

மான்ட்ரியலின் பயிற்சியாளர் மார்ட்டின் சேன் லூயி, உருவத்தில் சிறியவர். வாலிபத்தில் எந்தக் கோஷ்டியும் அவரைப் பொறுக்கவில்லை. 2000-ல் ஒரு கோஷ்டி கைவிட்ட அவரே, 2004-ல் இன்னொரு கோஷ்டியில் ஸ்டான்லி கோப்பையும் லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் விருதும் பெற்றார். அவர் கையில் இருந்த ஸ்லாஃப்கோவ்ஸ்கி கீழே அனுப்பப்படவில்லை. கோஷ்டியின் சிறந்த ஆட்டக்காரர்களோடு சேர்த்து ஆடவிடப்பட்டார். அந்த 2023-24 பருவத்தில் 82 ஆட்டங்களிலும் ஆடி 20 கோல் அடித்தார். கோஷ்டி அப்போதும் கடைசிப் படிகளில்தான்.

கோல் விழுந்ததால் பொறுமை நியாயமாயிற்று என்று நான் சொல்லவில்லை. விழாதிருந்தாலும் அது சரியே; ஏனெனில் முடிவு செய்யும் வேளையில் எவருக்கும் பலன் தெரியாது. இழப்பது சிறிது, பையன் வளர இடமுண்டு என்பது மட்டுமே தெரியும்.

மூத்தவனுக்கு என்ன பதில்? இந்தப் பொறுமையின் செலவு பெரும்பாலும் அவன் கணக்கில்தான் எழுதப்படுகிறது. 35 வயதுக்காரனுக்கு இழந்த பருவம் திரும்பி வராது. அவனைத் தனியே அழைத்துக் காரணத்தைச் சொல்வது, இளையவனைத் தட்டிக்கொடுப்பதைவிடக் கடினமான கடமை.